ஆறாம் குழுவின் ஒலி அதிகாரி

என் மகள் சாஹித்யாவுக்குப் பதினோரு வயதில் உத்தியோகம் கிடைத்தது. ஆறாம் வகுப்பு, ஆறாம் குழுவின் ஒலிக் கட்டுப்பாட்டு அதிகாரி. பள்ளிக்கூடத்தின் செயலியில் அந்தச் செய்தி வந்தபோது நான் உப்பலில், எங்கள் தொழிற்சாலையில், குக்கர்கள் ஒழுங்காக விசில் அடிக்கின்றனவா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. செய்தியோடு ஒரு பூங்கொத்தும் கைதட்டும் கைகளும் வந்திருந்தன. ‘பெருமைக்குரிய பெற்றோரே’ என்று அது தொடங்கியது. நானும் சொன்னபடி பெருமைப்பட்டேன். எங்கள் வம்சத்தில் அதுவரை அதிகாரி என்று ஒருவரும் இருந்ததில்லை. கொள்ளுத்தாத்தா வேலூரிலிருந்து செகந்திராபாத் வந்ததே பட்டாளத்து அதிகாரிகளுக்கு மிளகுத்தண்ணி வைத்துக் கொடுக்கத்தான்.

பெருமையோடு, எங்கள் வீடு இருக்கும் லோத்குண்டாவின் பேக்கரியில் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் மனைவி நீலா, “அதிகாரின்னா இன்னா செய்யணுமாம்?” என்று கேட்டாள்.

சாஹித்யா பதில் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையையும் ஒரு சிவப்பு அட்டையையும் எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். நீலா இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டாள். சாஹித்யா மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். நாங்கள் இருவரும் சிரித்தோம். அதற்குச் சிவப்பு.

அதற்கு முந்தைய நாள் வரை எங்கள் வீட்டில் சத்தம் என்றால் அது அவள்தான். “அம்மா, சாம்பார் நக்கோ, பெருகு வேய், ஜஸ்ட் கொஞ்சம்” என்பாள். சாம்பாரை உருதுவில் மறுத்து, தயிரைத் தெலுங்கில் கேட்டு, அளவை ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பது அவளுக்கு ஒரே மூச்சில் வரும். இந்த ஊரில் எங்களைப் போல நாலு தலைமுறை இருந்த குடும்பங்களில் குழந்தைகள் அப்படித்தான் பேசும். எந்தச் சொல் எந்த மொழி என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சோறு வந்து சேர்ந்தால் சரி.

அவள் படித்த டிரான்ஸ் ஓஷன் இன்டர்நேஷனல் பள்ளி ஹப்சிகுடாவில், ஒரு கல்யாண மண்டபத்துக்கும் ஒரு சோபாக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. கடலே இல்லாத ஊரில் எதற்கு அந்தப் பெயர் என்று நான் சேர்க்கும்போதே கேட்டிருக்க வேண்டும். அந்த வருஷம் பள்ளியில் கூட்டுறவுக் கற்றல் வந்திருந்தது. கூட்டுறவு என்றால் எனக்கு ரேஷன் மண்ணெண்ணெய்தான் தெரியும். இது வேறு. இதில் ஆசிரியர் பாடம் நடத்த மாட்டார். நடத்தினால் அது குழந்தையின் மேல் செலுத்தும் வன்முறை என்று பள்ளியின் கற்றல் அனுபவ இயக்குநர் சுபாஸ்ரீ மேடம் அறிமுகக் கூட்டத்தில் சொன்னார். பெற்றோர்கள் எல்லோரும் எங்கள் பழைய வாத்தியார்களை நினைத்துக்கொண்டு தலையாட்டினோம்.

பிள்ளைகள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். ஒருவன் தலைவன், ஒருத்தி பதிவாளர், ஒருவன் நேரக் காப்பாளர், ஒருத்தி ஒலி அதிகாரி. நான்கு பேருக்கும் ஒரே மதிப்பெண். ‘நீந்தினால் எல்லோரும், மூழ்கினால் எல்லோரும்’ என்று எல்லா வகுப்பறைச் சுவரிலும் திமிங்கிலப் படம் போட்டு எழுதியிருந்தார்கள். அதே சுவரில் குரலுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து நான்கு வரை நிலைகள் குறித்திருந்தார்கள். ஒன்று கிசுகிசுப்பு, நான்கு விளையாட்டு மைதானம். பூஜ்ஜியம் என்பது வாயே திறக்காதது. குழுவின் குரல் இரண்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிற ஒலி அதிகாரி, முன்மாதிரியாக, எப்போதும் பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும்.

அந்தப் பருவத்தின் பாடம், ஆங்கிலம் உலக மொழிகளிலிருந்து எடுத்துக்கொண்ட சொற்கள். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு பிள்ளை ஹிந்தி நிபுணர் குழுவுக்கும், ஒன்று தெலுங்கு நிபுணர் குழுவுக்கும், இன்னொன்று பிரெஞ்சுக்கும் போய், அந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைத் தெரிந்துகொண்டு திரும்பி வந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். ஷாம்பூவும் பங்களாவும் ஹிந்திக்காரர்களுக்குக் கிடைத்தன. தெலுங்கு நிபுணர்கள் நீண்ட ஆராய்ச்சிக்குப் பிறகு, தெலுங்கு ஆங்கிலத்துக்கு அளித்த கொடை பெருச்சாளி என்று கண்டுபிடித்தார்கள். பந்திகொக்குதான் ஆங்கிலத்தில் பாண்டிகூட் ஆனதாம். அவர்கள் கொஞ்சம் சோர்ந்துபோனதாகக் கேள்வி.

சாஹித்யா எந்த நிபுணர் குழுவுக்கும் போகவில்லை. அதிகாரி இடத்தை விட்டு எழக்கூடாது.

முதல் வாரம் நாங்கள் அதை விளையாட்டு என்றே நினைத்தோம். மேஜையில் அட்டை எழும்போதெல்லாம் நான் சல்யூட் அடித்தேன். இரண்டாம் வாரம் அவள் அட்டையைக்கூட எடுக்கவில்லை, சும்மா பார்த்தாள். தயிர் வேண்டுமென்றால் தயிர்க் கிண்ணத்தைப் பார்த்தாள். நீலா அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் கறியை வேண்டுமென்றே உப்பில்லாமல் செய்து வைத்தாள். ‘உப்பு’ என்றாவது சொல்லுவாள் என்று பார்த்தோம். உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்துபோனாள். நான் அவள் பின்னாலேயே போனேன்.

“வீட்ல பேசலாம்மா. மிஸ் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றேன்.

அவள் என் போனை வாங்கிச் செயலியைத் திறந்து காட்டினாள். ‘பொறுப்பின் வீட்டுத் தொடர்ச்சி’ என்று ஒரு பகுதி இருந்தது. பிள்ளை தன் பொறுப்பை வீட்டிலும் கடைப்பிடிப்பதைப் பெற்றோர் வீடியோ எடுத்துப் போட்டால் குழுவுக்கு நட்சத்திரம். மற்ற மூன்று வீடுகளிலிருந்தும் வீடியோக்கள் வந்திருந்தன. தலைவன் தினேஷ் தன் வீட்டு நாய்க்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் மட்டும் போடவில்லை. சாஹித்யா என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் குழுவை மூழ்கடிக்கிறேன் என்று இருந்தது. நான் அவள் பேசாமல் சாப்பிடுவதை வீடியோ எடுத்துப் போட்டேன். ஐந்து நட்சத்திரம் வந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண், தனிப் பெற்றோரைச் சந்திக்கும் வழக்கம் இல்லை என்றாள். பெற்றோரும் குழுவாகத்தான் வர வேண்டும். பிள்ளைகளின் குழு எதுவோ அதுவே பெற்றோரின் குழு.

“என் பொண்ணு பேச மாட்டேங்குறா” என்று தெலுங்கில் சொன்னேன்.

“அது உங்க குழுவோட பொதுக் கருத்தா சார்?” என்று கேட்டாள்.

ஆக, சனிக்கிழமை பெற்றோர் ஆறாம் குழு கூடியது. பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தோம். தினேஷின் அப்பா உமேஷ், உப்பல் ரோட்டில் பிளைவுட் கடை வைத்திருப்பவர், தலைவர் ஆனார். மற்ற இரண்டு அம்மாக்களுக்குப் பதிவும் நேரமும் போயின. எனக்கு உற்சாகமூட்டுநர் பதவி கிடைத்தது. உற்சாகமூட்டுநர் மற்றவர்கள் பேசியதைப் பாராட்டலாம். ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘அருமை’ என்று தொடங்க வேண்டும். புகார் சொல்ல அந்தப் பதவியில் இடம் இல்லை.

“அருமை உமேஷ். என் மகள் பேசுவதில்லை” என்றேன்.

சுபாஸ்ரீ மேடம் கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் உள்ளே வந்தார். அவர் ஆங்கிலம் மட்டும்தான் பேசுவார். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன், ஆங்கிலத்தில் கேட்க இன்னும் அழகாக இருந்தது.

“மிஸ்டர் கிருஷ்ணகுமார், நீங்கள் பாராட்டுவதுபோல் தொடங்கிப் புலம்பலில் முடிக்கிறீர்கள். பரவாயில்லை, நீங்களும் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். சாஹித்யாவை நான்தான் தேர்ந்தெடுத்தேன். முதல் நாள் வகுப்பில் அவள் எழுந்து என்ன சொன்னாள் தெரியுமா? அவளுடைய முன்னோர் யாரோ வெள்ளைக்காரர்களுக்கு மிளகு ரசம் வைத்துக்கொடுத்த கதை. குரல் மூன்றாம் நிலை. பாதி தமிழ், பாதி தெலுங்கு, நடுவில் உருது. வகுப்பே சிரித்தது. நான் அவளை எந்த நிபுணர் குழுவில் போடுவேன்? ஹிந்திக் குழு அவளுடையது ஹிந்தி இல்லை என்றது. தெலுங்குக் குழு இது தெலுங்கு இல்லை என்றது. தமிழுக்கு ஒரே ஒரு பிள்ளை, ஒரு பிள்ளை குழு ஆகாது.”

“மேடம், பாடமே அதுதானே. ஆங்கிலம் எல்லா மொழியிலிருந்தும் எடுத்துக்கொண்டது என்று” என்றேன். ‘அருமை’ சொல்ல மறந்துவிட்டேன்.

“ஆங்கிலம் எடுத்துக்கொண்டால் அது வளம்” என்றார் அவர் பொறுமையாக. “குழந்தை எடுத்துக்கொண்டால் அது பழக்கதோஷம். ஆங்கிலத்துக்கு அகராதி இருக்கிறது. உங்கள் மகளுக்கு இல்லையே. அவளை அவமானத்திலிருந்து காப்பாற்றி ஒரு கௌரவமான பொறுப்பு கொடுத்திருக்கிறேன். அவள் பேசாமல் இருக்கத் தொடங்கிய பிறகு ஆறாம் குழுவின் தவறுகள் குறைந்திருக்கின்றன. பாருங்கள், எவ்வளவு பயனுள்ள பிள்ளை.”

வெளியே வந்தபோது உமேஷ் என் தோளில் கை போட்டார். சென்னை வியாபாரிகளோடு பழகியதில் தமிழ் என்று அவர் நம்பிய ஒரு மொழியில் பேசினார். “குமார் காரு, டென்ஷன் நக்கோ. டிசம்பர்ல பெரிய ஷோ இருக்குது. பெங்களூர்ல இருந்து சர்டிபிகேட் ஆளுங்க வர்றாங்க. அது வரைக்கும் பாப்பாவை அப்படியே வுடுங்க. நம்ம குரூப்பு ஃபர்ஸ்ட்ல இருக்குது.”

நீலா பள்ளியை மாற்றிவிடலாம் என்றாள். மாற்றுச் சான்றிதழ் கேட்டோம். குழுவில் ஒருவர் வெளியேற மற்ற மூன்று பேரின் சம்மதம் வேண்டும் என்று பதில் வந்தது. உமேஷ் சம்மதிக்கவில்லை. டிசம்பருக்குப் பிறகு நானே கையெழுத்துப் போட்டு, ஆட்டோ வைத்து அனுப்புகிறேன் என்றார்.

அக்டோபரில் சாஹித்யாவுக்குப் பதவி உயர்வு வந்தது. வகுப்பு முழுவதற்கும் ஒலி அதிகாரி. பச்சை நிறத்தில் ஒரு கோட்டும் வில்லையும் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவள் பஸ் ஏறும்போது கைகள் கோட்டுக்குள்ளேயே இருந்தன, விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. தசரா விடுமுறையில் ஒரு நாள் அவள் தூக்கத்தில் பேசுவாளா என்று நீலா பக்கத்திலேயே படுத்துக் கேட்டுப் பார்த்தாள். எனக்கு அவள் குரல் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. பழைய வீடியோ ஒன்றை எடுத்துப் போட்டுக் கேட்டேன். பல்லிக்குப் பயந்து கத்திக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டோம்.

விடுமுறை முடிந்த வாரம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தாள். நீலா இழுத்துப் பார்த்தாள். மோதிர விரல் நீலம் பாரித்து வீங்கியிருந்தது. நகம் பாதி பெயர்ந்திருந்தது. நான் கீழே ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்தி, பஸ் ஆயா நாகம்மாவைக் கேட்டேன்.

தார்நாகாவில் ஒரு பையன் கதவை அறைந்து சாத்தியிருக்கிறான், அதில் சாஹித்யாவின் விரல் இருந்திருக்கிறது. “பாப்பா ஏட்வலேது சார்” என்றாள். பிள்ளை அழவில்லையாம். “ரெட் கார்டு சூபிஞ்சிந்தி. நாங்க சத்தம் போடறோம்னு காட்டுதுன்னு நெனைச்சு, எல்லாரையும் கம்முனு இருக்கச் சொன்னேன். பஸ்ஸே சைலெண்ட் ஆயிடுச்சி சார். லோத்குண்டா வர்ற வரைக்கும் ஒருத்தரும் பேசலை.”

அவள் இடது கையால் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதைப் பார்த்து ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மருத்துவமனையில் நகத்தை எடுத்தபோதும் அவள் சத்தம் போடவில்லை. டாக்டர் அசந்துபோய், “வெரி பிரேவ் கேர்ள்” என்றார். எனக்கு அவரை அடிக்கலாம்போல இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் விசில் அடிக்காத குக்கரை யாரும் நல்ல குக்கர் என்று சொல்ல மாட்டார்கள். சிவப்புச் சீட்டு ஒட்டித் தனியாக வைத்துவிடுவோம், அது வெடிக்கும்.

பள்ளிக்குக் காரமாக எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது, எனக்கு அல்ல, எல்லாப் பெற்றோருக்கும். மாதச் செய்திமடலில் சாஹித்யாவின் படம் போட்டிருந்தார்கள், கட்டுப்போட்ட விரலோடு. கீழே, ‘கடும் வலியிலும் பூஜ்ஜிய நிலை காத்த நம் அதிகாரி’ என்று இருந்தது. உமேஷ் அதற்கு மூன்று இதயங்கள் போட்டிருந்தார்.

அந்த வாரம் ஆங்கில ஆசிரியை ஃபாத்திமா மிஸ் என்னைத் தானாகக் கூப்பிட்டார். ஆம்பூர்க்காரர், கணவரின் ஐ.டி. வேலைக்காக இங்கே வந்தவர். பள்ளிக்குள் தமிழ் பேசினால் அவருக்கும் மஞ்சள் அட்டை உண்டு என்பதால் கேட்டுக்கு வெளியே, சோபாக் கடை வாசலில் நின்று பேசினோம்.

“சார், மதிப்பீட்டுல எல்லாக் கட்டத்துலயும் உங்க பொண்ணுக்கு ஃபுல் மார்க் வருது. எனக்கு அதான் பயமா இருக்குது” என்றார். “முதல் நாள் அவ மிளகுத்தண்ணி கதை சொன்னா பாருங்க, அந்த ஒரு நிமிஷந்தான் சார் இந்த வருஷம் நான் நடத்துன பாடம். நான் நடத்துனதுகூட இல்ல. அவ நடத்துனது.”

“நீங்க மேடம்கிட்ட சொல்லலாமே.”

“டீச்சர்ஸும் குரூப்புதான் சார்” என்றார் ஃபாத்திமா மிஸ். “எங்க குரூப்புல நான்தான் ஒலி அதிகாரி.”

டிசம்பரில் அந்தப் பெரிய விழா வந்தது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தையே எடுத்திருந்தார்கள். மேடையில் தெர்மோகோலில் ஒரு பெரிய கட்டுமரம், ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொல் என்று நீல விளக்கில் மிதந்தது. அதன் மேல் நின்று தமிழைப் பற்றிப் பேசியவன் குஜராத்திப் பையன், இணையத்தில் படித்துப் பாடம் செய்திருந்தான். ஆங்கிலத்தில் முல்லிகடானி சூப் ஆகிப்போன மிளகுத்தண்ணியையும் அவனே சொன்னான், அது ஒருவகைத் தண்ணீர் என்று விளக்கினான். ஓரத்தில் ஒரு பிள்ளை பெருச்சாளி வேஷத்தில் நின்றது. மேடையின் நட்ட நடுவில், பச்சைக் கோட்டில், இரண்டு அட்டைகளோடு சாஹித்யா. எங்களுக்கு முதல் வரிசை கொடுத்திருந்தார்கள், அதிகாரியின் பெற்றோர் என்பதால்.

சுபாஸ்ரீ மேடம் பேசினார். “ஆங்கிலம் எந்த வீட்டுக்குப் போனாலும் எதையாவது எடுத்துக்கொண்டு வந்தது. யாரிடமும் கேட்கவில்லை. திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அதனால்தான் அது உலக மொழி. எங்கள் பிள்ளைகளுக்கும் இந்தப் பண்பைத்தான் கற்றுத் தருகிறோம்.” மண்டபம் இரண்டாம் நிலையில் கைதட்டியது.

பெங்களூரிலிருந்து வந்த மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர். அதில் மூத்தவர் ஒரு குழுவையும் ஓர் எண்ணையும் சொல்லுவார். அந்தக் குழுவில் அந்த எண்ணுடைய பிள்ளை எழுந்து குழு முழுவதற்குமாகப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான்கு பேருக்கும் பூஜ்ஜியம். அதுவரை எல்லாம் நன்றாகப் போயிற்று. பிறகு அவர், “ஆறாம் குழு, எண் நான்கு” என்றார்.

எண் நான்கு சாஹித்யா. எனக்குப் பின்னால் உமேஷ் “அய்யய்யோ” என்றது கேட்டது.

“உன் வீட்டிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ஒரு சொல்லைச் சொல் குழந்தாய்” என்றார் மதிப்பீட்டாளர், கனிவாகத்தான்.

அவளுக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் அவளுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. அவள் அவரைப் பார்த்தாள், சுபாஸ்ரீ மேடத்தைப் பார்த்தாள். பிறகு சிவப்பு அட்டையைத் தூக்கினாள்.

மண்டபம் கப்சிப் ஆயிற்று. பின்வரிசையில் அழுதுகொண்டிருந்த கைக்குழந்தையின் வாயைக்கூட யாரோ பொத்தினார்கள். சுபாஸ்ரீ மேடம் மைக்கைப் பிடித்து மெதுவாக, “இதுதான் எங்கள் பள்ளி” என்றார். “மதிப்பீட்டாளரையே அமைதிப்படுத்தும் துணிவு.” மூத்தவர் புருவத்தை உயர்த்தி, மெச்சுகிற மாதிரி, ஏதோ எழுதத் தொடங்கினார். அவர் எழுதி முடித்தால் என் மகள் இனி என்றைக்கும் வாய் திறக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

நான் எழுந்தேன். “சாஹித்யா, சாப்ட்டியாடா?” என்று கத்தினேன்.

அவள் அட்டையை என் பக்கம் திருப்பினாள்.

“அருமை” என்றேன், பதவிக்கு ஏற்றபடி. “அருமைடா கண்ணு. வெரல் வலிக்குதா? இக்கட ரா. வீட்டுக்குப் போலாம். பெருகு அன்னம் சாப்பிடலாம். உப்பு போட்டு அம்மா கத்தரிக்காய் செஞ்சிருக்கா. வேணுமா, நக்கோவா, சொல்லு.”

நீலாவும் எழுந்துவிட்டாள். இரண்டு காவலர்கள் என் கைகளைப் பிடித்தார்கள். நான் நிறுத்தவில்லை. பல்லி, பஸ், உஸ்மானியா பிஸ்கட் என்று வாய்க்கு வந்த மொழியில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். சாஹித்யா மேடை ஓரத்துக்கு ஓடி வந்தாள். சிவப்பு அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அட்டை ஆடியது. அவள் உதடும் ஆடியது.

“அப்பா, நக்கோ” என்றாள். “கைக்கு, ஏன் அப்பா? அந்தரு சூஸ்துன்னாரு. எல்லாரும் பாக்கறாங்க, ப்ளீஸ்.”

பிறகு அழுதாள். நான்காம் நிலையில் அழுதாள். அது அன்றைக்கு வந்த அழுகை இல்லை. தார்நாகாவில் பஸ் கதவு அறைந்தபோது அழ வேண்டியது. நகத்தை எடுத்தபோது அழ வேண்டியதும் அதோடு சேர்ந்து வந்தது. நீலா மேடையில் ஏறி அந்தப் பச்சைக் கோட்டோடு அவளை வாரி எடுத்துக்கொண்டாள்.

மூத்த மதிப்பீட்டாளர் பேனாவை வைத்துவிட்டு, குழந்தை சொன்னதில் எந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது என்று கேட்டார். சுபாஸ்ரீ மேடம் ஃபாத்திமா மிஸ்ஸைப் பார்த்தார்.

“இன்னும் போகலை சார்” என்றார் ஃபாத்திமா மிஸ்.

அகராதியில் இல்லாததால் ஆறாம் குழுவுக்குப் பூஜ்ஜியம் போட்டார்கள். வெளியே போகும் வழியில் தினேஷ் எங்களைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவனும் மூழ்கியவன்தான். பள்ளிக்குச் சான்றிதழ் கிடைத்தது. மாலையில் செயலியில் எனக்குச் செய்தி வந்தது. ஒலியைக் கட்டுப்படுத்தத் தவறியதற்காகச் சாஹித்யா பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறாள், கோட்டைத் துவைத்துத் திருப்பித் தர வேண்டும். இந்த முறை பூங்கொத்து இல்லை. மாற்றுச் சான்றிதழுக்கு மூன்று பேரும் உடனே கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது சாஹித்யா லோத்குண்டாவிலேயே ஒரு சாதாரணப் பள்ளியில் படிக்கிறாள். அங்கே ஆசிரியர்கள் சத்தம் போட்டுப் பாடம் நடத்துகிறார்கள். அவள் பேசுகிறாள். பழையபடி என்று சொல்ல மாட்டேன். பேசுவதற்கு முன்னால், குரல் நிலை எழுதியிருக்கிறதா என்று சுற்றிலும் சுவரைப் பார்க்கிறாள். ஒரு வாக்கியத்தில் இரண்டு மொழி வந்துவிட்டால் நிறுத்தி, ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி சொல்கிறாள். தயிர் கேட்கும்போது மட்டும் அது மறந்துபோகிறது. நாங்கள் நிறையத் தயிர் வாங்குகிறோம்.

ஆறாம் குழுவின் புதிய ஒலி அதிகாரியாகத் தினேஷ் நியமிக்கப்பட்டதை உமேஷே அழைத்துச் சொன்னார். விட்ட பெயரைப் பிடிக்க நல்ல வாய்ப்பு என்றார். கடைப் பையனிடம் ஒரு டப்பா இனிப்பும் கொடுத்தனுப்பினார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த அட்டைகள் பையனுக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அது குழுவின் பொதுக் கருத்தாக இருந்திருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உமேஷ் மறுபடி அழைத்தார். குரல் முதல் நிலையில் இருந்தது.

“குமார் காரு, ஒண்ணு கேக்கறேன். உங்க பாப்பா எவ்ளோ நாள் பேசாம இருந்தது?”

நான் சாப்பாட்டிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

“தினேஷ் பேச மாட்டேங்குறான்” என்றார். “நாயோடகூட பேச மாட்டேங்குறான். நாய் அவன் பின்னாலயே சுத்துது. அவன் அம்மா அழறா. நீங்க அந்த ஹால்ல எழுந்து கத்தினீங்களே, நானும் கத்திப் பாத்தேன். கார்டு காட்டறான்.”

என் முகத்தைப் பார்த்தே சாஹித்யாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து, இடது கையால் போனை வாங்கிக்கொண்டாள். “அங்கிள், தினேஷுக்கி இவ்வண்டி” என்றாள். அவனிடம் கொடுக்கச் சொன்னாள்.

அந்தப் பக்கம் போன் கை மாறுவது கேட்டது. பிறகு நாய் நகத்தால் தரையைப் பிராண்டுவது மட்டும் கேட்டது.

“தினேஷ், நேனு சாஹித்யா” என்றாள். “எல்லாம் பேச நக்கோ. ஜஸ்ட் ‘ஹவ்’ சொல்லு. ஆமான்னு ஒரு ஹவ் மட்டும் சொல்லு, சாலு.”

அவன் சொல்லவில்லை. அவள் நகம் முளைக்காத விரலில் சோறு காயக் காய, போனைக் காதில் வைத்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நீலா தயிர்க் கிண்ணத்தை அவள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.

“பர்வாலேது, நான் வைக்க மாட்டேன்” என்றாள் சாஹித்யா, சுவரைப் பார்க்காமலே. “நீ மெதுவா சொல்லு.”